அப்பத்தா கண்ணாடியும் பெட்டி கேமராவும்



உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 1960-களிலோ 70-களிலோ எடுத்த குடும்பப் படம் ஒன்று இருக்கும். ஸ்டூடியோ படம் வேண்டாம்; யாரோ உறவினர் பெட்டி கேமராவில் வீட்டு வாசலில் வைத்து எடுத்த படமாகப் பாருங்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முகம் தெளிவாக இருக்கும். ஓரங்களில் நிற்பவர்கள் முகம் லேசாகக் கரைந்தாற்போல் இருக்கும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் உண்டு. அக்கா கல்யாணத்துக்கு மறுநாள், அருப்புக்கோட்டையில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் எடுத்தது. நடுவில் தாத்தா, அப்பத்தா. வலது கடைக்கோடியில் அத்தை. சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். விசேஷம் என்றால் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். அன்று அப்பா வற்புறுத்திக் கூப்பிட்டதால் ஓரத்தில் வந்து நின்றார். அத்தையை எடுத்த ஒரே படம் அதுதான். அதில் அவர் சேலை இருக்கிறது, கை இருக்கிறது, முகம் மட்டும் ஒரு வெளுத்த மங்கலாக இருக்கிறது. "அத்தைக்கு ஆடாமல் நிற்கத் தெரியாது" என்று நாங்கள் பல வருடம் கேலி பேசியிருக்கிறோம்.

அவர் ஆடவில்லை என்பது இந்தக் கோடை விடுமுறையில்தான் எனக்குத் தெரிந்தது. பேரனோடு சேர்ந்து ஒரு கேமரா லென்ஸ் செய்து பார்க்கப் போய்த் தெரிந்துகொண்டேன். நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் எழுத்தர் வேலை. ஆகவே கூட்டல், வகுத்தல் தெரிந்த யாருக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன்.

பல்பு சினிமா

என் வயதுக்காரர்கள் எல்லோருமே சிறு வயதில் லென்ஸ் செய்தவர்கள்தான். அது லென்ஸ் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியில் இருக்கும் கறுப்பு வில்லையைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் கம்பிகளை உடைத்துக் கொட்டி, தண்ணீர் நிரப்புவோம். டூரிங் டாக்கீஸ் பின்புறம் பொறுக்கிய ஃபிலிம் துண்டு பத்திரமாகக் கையில் இருக்கும். வெளியே வெயிலில் ஒருத்தன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தை ஜன்னல் வழியாக உள்ளே திருப்புவான். அந்த வெளிச்சப் பாதையில் ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்து, அதற்கு முன்னால் பல்பைப் பிடித்தால், எதிரே கட்டிய வேட்டியில் எம்.ஜி.ஆர். நேராக நிற்பார். சூரியன் நகர நகரப் படமும் நகரும். வெளியே இருப்பவனைக் கத்திக் கத்தித் திருத்த வேண்டும். நம்முடையது வானம் பார்த்த பூமி. மழைக்குத்தான் பஞ்சம், பல்பு சினிமாவுக்கு வேண்டிய வெயிலுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை ஒரு முழு லென்ஸ். உருண்டையின் குறுக்களவு 6 செ.மீ. என்றால், வெயில் அதன் மறுபுறத்தில் ஏறத்தாழ 3 செ.மீ. தள்ளிப் புள்ளியாகக் குவியும். ஃபிலிம் துண்டை அந்த இடத்தை ஒட்டி வைக்க வேண்டும் என்பதை நாங்கள் சூத்திரம் இல்லாமலே கண்டுபிடித்திருந்தோம். இது நாம் முதலில் கண்டதும் அல்ல. தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை வழியாகப் பார்த்தால் மங்கலான சிறிய எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்று ரோமானிய அறிஞர் செனெக்கா முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

மூக்குக் கண்ணாடியில் பிறந்த கேமரா

கேமராவுக்கு லென்ஸ் வந்த கதையும் இதே மாதிரி வீட்டுச் சாமான்களில் தொடங்குவதுதான்.

இருட்டறைக் கதவில் சிறு ஓட்டை இருந்தால், தெருவில் போகும் மாட்டு வண்டி எதிர்ச் சுவரில் தலைகீழாகப் போகும். தறி போட்ட வீடுகளில் இதைப் பார்த்தவர்கள் நம்மில் இருப்பீர்கள். ஓட்டை சிறியதானால் படம் தெளிவாகும், ஆனால் இருண்டுவிடும். ஓட்டையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், படம் கலங்கிவிடும். இந்தச் சிக்கலுக்கு வெனிஸ் நகரத்து டேனியல் பார்பரோ 1560-களின் இறுதியில் ஒரு வழி எழுதினார். ஓட்டையில் வயதானவர்கள் போடும் மூக்குக் கண்ணாடி ஒன்றைப் பொருத்துங்கள். அதன் ஓரத்தை மூடி நடுப்பகுதியை மட்டும் திறந்து வையுங்கள். படம் கூர்மையாகும் என்றார். இன்றைய கேமராவில் துவாரத்தைச் சுருக்கும் ஏற்பாட்டுக்கு அடிப்படை இதுதான்.

அதற்கு 250 ஆண்டுகளுக்குப் பிறகு, பிரான்ஸ் நாட்டு நியெப்ஸ் வெளிச்சத்தைக் காகிதத்தில் பதிக்க முயன்றார். 1816-ல் அவருடைய லென்ஸ் உடைந்துபோனது. மனிதர் கடைக்கு ஓடவில்லை. மகனுடைய நகைப் பெட்டி ஒன்றை எடுத்து, தாத்தா காலத்து நுண்ணோக்கியிலிருந்த லென்ஸை அதில் பொருத்தி வேலையைத் தொடர்ந்தார். 1826-27 வாக்கில் தன் வீட்டு ஜன்னல் வழியே அவர் எடுத்த காட்சிதான், கேமராவில் எடுத்து இன்றுவரை நிலைத்திருக்கும் மிகப் பழைய புகைப்படம். இங்கிலாந்தில் டால்பட் என்பவர் 1835-ல் கையகலப் மரப்பெட்டிகளில் லென்ஸ் மாட்டி வீட்டைச் சுற்றி ஆங்காங்கே வைத்துவிடுவார். அவர் மனைவி அந்தப் பெட்டிகளுக்கு வைத்த பெயர் எலிப்பொறி.

இவர்கள் காலத்து எளிய லென்ஸுக்கு ஒரு முன்னேற்றமும் அதற்கு முன்பே வந்திருந்தது. 1812-ல் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேயர், இருபுறமும் புடைத்த கண்ணாடியைவிட, பிறை போல ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் புடைத்த கண்ணாடி நல்லது என்று கண்டார். குழிந்த பக்கம் வெளியே பார்க்க, அதற்கு முன்னால் சிறு துவாரம் வைத்தால், படத்தின் ஓரமும் ஓரளவு தேறியது.

லென்ஸ் வீட்டை விட்டுப் போனது

1840-ல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் நான்கு கண்ணாடிகள் சேர்ந்த ஒரு லென்ஸை முழுக்க முழுக்கக் கணக்குப் போட்டே வடிவமைத்தார். பெருக்கல், மடக்கை எல்லாம் போட அவருக்கு உதவியவர்கள் ராணுவப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள். பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்கிடப் பழகியவர்கள் அல்லவா! பல நிமிடம் அசையாமல் உட்கார வேண்டியிருந்த காலம் போய், ஒரு நிமிடத்துக்குள் முகத்தைப் படம் எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து நல்ல லென்ஸ் என்பது தொழிற்சாலைச் சரக்கு ஆனது.

ஆனால் நான்கு கண்ணாடி என்றால் நான்கு பங்கு செலவு. சாமானியனுக்கு எது? அமெரிக்காவில் கோடக் நிறுவனம் 1900-ல் பிரௌனி கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. அட்டைப் பெட்டி, முன்னால் ஒற்றைக் கண்ணாடி. வொல்லாஸ்டன் சொன்ன அதே பிறைக் கண்ணாடி. உலகம் முழுவதும் குடும்ப ஆல்பங்களை நிரப்பியது இந்தப் பெட்டிக் குடும்பம்தான்.

நம் நாட்டில் பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III கேமராவைப் பலர் வைத்திருந்தோம். ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள். ஊட்டியில் மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. லென்ஸுக்கான கண்ணாடியோ இன்னும் கடினம். ஜன்னல் கண்ணாடியில் குமிழியோ நெளிவோ இருந்தால் நாம் கவலைப்பட மாட்டோம். லென்ஸில் இருக்கக் கூடாது. உருக்கிய கண்ணாடி முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும். அந்தத் தொழில் ரகசியத்தை வெளிநாட்டார் சுலபத்தில் தருவதில்லை. கல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில் ஆத்மாராம் தலைமையில் 1950-களின் இறுதியில் அதை நாமே உருவாக்கினோம். அதற்காக அவருக்கு 1959-ல் பட்நாகர் விருது கிடைத்தது.

வத்திராயிருப்புக்காரர்

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரை இங்கே சொல்லாமல் விட முடியாது. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர். பிறகு கல்கத்தாவில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

1928 தொடக்கத்தில் அவர்கள் செய்த சோதனையைப் படித்தபோது எனக்குப் பல்பு சினிமாதான் நினைவுக்கு வந்தது. விளக்கு, வெயில். 18 செ.மீ. அகலமுள்ள ஒரு தொலைநோக்கி லென்ஸும், அதற்குப் பின்னால் ஒரு சிறு லென்ஸும் அந்த வெயிலைக் குவித்தன. குவிந்த இடத்தில் ஒரு குடுவைத் திரவம். நாங்கள் பல்பில் ஊற்றியது தண்ணீர் மட்டும். அவர்கள் அறுபது விதமான திரவங்களைச் சோதித்தார்கள். உள்ளே போகும் ஒளியை ஊதா வடிகட்டியாலும், வெளியே வருவதைப் பச்சை வடிகட்டியாலும் மறித்தார்கள். இரண்டும் சேர்ந்தால் எதுவும் தெரியக் கூடாது. ஆனாலும் மெல்லிய ஒளி தெரிந்தது. ஒளி திரவத்துக்குள் நிறம் மாறியிருந்தது. அதுதான் ராமன் விளைவு. பிப்ரவரி 28-ஐ நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுவது அதற்காகத்தான். 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் வெயிலையும் ஒரு கண்ணாடியையும் குறைவாக எடைபோடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

பத்து பவர்

இனி இந்த விடுமுறைக் கதை. எங்கள் அலமாரியில் அப்பத்தாவின் சோடாபுட்டிக் கண்ணாடி இருந்தது. 70-களில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் எல்லோரும் அந்த மாதிரி தடித்த கண்ணாடிதான் போடுவார்கள். கண்ணுக்குள் இருந்த லென்ஸை எடுத்துவிட்டால் அதன் வேலையை மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடி செய்தாக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 100-ஐக் கண்ணாடியின் பவரால் வகுத்தால், அது வெளிச்சத்தைக் குவிக்கும் தூரம் செ.மீ. கணக்கில் வரும். நாம் பேப்பர் படிக்கப் போடும் +2 கண்ணாடிக்கு 50 செ.மீ. அப்பத்தாவின் கண்ணாடியை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பிடித்து, ஜன்னல் கம்பி தெளிவாக விழும் இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன். பத்து செ.மீ. சொச்சம். ஆக, பத்து பவர்.

செருப்பு டப்பா ஒன்றின் முன்புறம் ஓட்டை போட்டு, கறுப்பு சார்ட்டில் செய்த குழாயில் அந்தக் கண்ணாடியைப் பொருத்தினோம். முன்னும் பின்னும் நகர்த்தினால் ஃபோகஸ் ஆகும். பின்புறம் ட்ரேசிங் பேப்பர் திரை. தலைக்கு மேல் கறுப்புத் துண்டு. பழைய வீட்டு வாசலில் வைத்து எதிரே திண்ணையைப் பார்த்தோம்.

முதலில் ஒரே பனிமூட்டம். முழுக் கண்ணாடியும் திறந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். அதன் ஓரத்தில் புகும் வெளிச்சம் ஓரிடத்திலும், நடுவில் புகுவது வேறோர் இடத்திலும் குவிகிறது. கண்ணாடிக்கு முன்னால் விரல் நுழையும் அளவு ஓட்டை போட்ட சார்ட்டை வைத்தவுடன் திண்ணை பளிச்சென்று வந்தது. தலைகீழாக, முழு வண்ணத்தில். பேரன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டையைப் பென்சில் அளவுக்குச் சுருக்கினால் இன்னும் கூர்மை, ஆனால் இருட்டு. பார்பரோ எழுதி வைத்தது எங்கள் செருப்பு டப்பாவிலும் சரியாக இருந்தது.

பிறகு பேரனைத் திண்ணை நடுவில் உட்காரச் சொன்னேன். முகம் தெளிவு. "வலது ஓரத்துக்குப் போய் ஆடாமல் நில்லு" என்றேன். நின்றான். திரையில் அவன் முகம் கரைந்தது. நடுவில் இருக்கும் நாற்காலி அப்படியே தெளிவாக இருக்கிறது. ஓரத்தில் நிற்கிறவன் முகம் இல்லை.

ஒற்றைக் கண்ணாடி, படத்தைத் தட்டையாக விழவைக்காது. கிண்ணத்தின் உட்புறம் போல வளைந்த பரப்பில்தான் அதன் கூர்மை விழும். ஃபிலிமோ தட்டை. நடுவைச் சரிசெய்தால் ஓரம் தவறிப்போகும். அதைச் சமன் செய்யத்தான் பெரிய கேமராக்களில் நான்கு, ஆறு என்று கண்ணாடிகளை அடுக்குகிறார்கள்.

வீட்டுக்குள் போய் ஆல்பத்தை எடுத்தேன். அத்தைக்குப் பக்கத்தில் திண்ணைத் தூண் இருக்கிறது. இத்தனை வருடம் அதை நான் கவனித்ததில்லை. தூணும் கரைந்திருக்கிறது. தூண் எப்படி ஆடும்?

அத்தை ஆடாமல்தான் நின்றிருக்கிறார். ஓரத்தில் நின்றதுதான் காரணம். அவரை ஓரத்தில் நிற்க வைத்தது கண்ணாடி அல்ல, நாங்கள்தான்.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷியை, அவர் சமாதி அடைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் படமெடுத்தவர் உலகப் புகழ்பெற்ற கார்ட்டியே-பிரெஸ்ஸோன். அவர் கையில் இருந்தது லைக்கா. நம் அத்தைமார்களுக்கு லைக்கா வரவில்லை; பெட்டி கேமராதான் வந்தது. அதில் நடு இடமும் கிடைக்காதவர்களுக்கு முகமே மிஞ்சவில்லை.

கண்ணுக்குள்ளே ஒரு லென்ஸ்

அப்பத்தாவின் கண்ணாடியை ஏன் இன்று யாரும் போடுவதில்லை? அந்த லென்ஸ் கண்ணுக்குள்ளேயே போய்விட்டது. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் வெறுக்கவில்லை என்று கவனித்த லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 1949-ல் அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். ஆனால் இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவுக்கு விலை வைத்ததால் ஏழைகளுக்கு எட்டவில்லை.

அதை எட்டவைத்தவர் நமக்குத் தெற்கே, இதே கரிசல் மண்ணில், அயன்வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிய பிறகும் கத்தி பிடிக்கப் பழகியவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வு பெற்றவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். 1992-ல் மதுரையிலேயே அரோலேப் தொடங்கப்பட்டு, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் நம்மூர்க்காரர்கள் கையாலேயே தயாரானது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது.

நம் குடியிருப்பில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பலரின் கண்ணுக்குள் இன்று இருப்பதும் ஓர் ஒற்றை லென்ஸ்தான். வழக்கமாக வைப்பது பெட்டி கேமரா மாதிரி ஒரே தூரத்துக்கு நிலைத்த ஃபோகஸ் உள்ள லென்ஸ். தூரம் நன்றாகத் தெரிந்தாலும், பேப்பர் படிக்கத் தனிக் கண்ணாடி கேட்பது அதனால்தான். "ஆபரேஷன் சரியில்லையோ" என்று கவலைப்பட வேண்டாம்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் லென்ஸை வெயிலில் விட்டுவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் பஞ்சும் காகிதமும் பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. பல்பை உடைக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள்.

செருப்பு டப்பாவைச் சங்க அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வரும்போது உங்கள் வீட்டுப் பழைய குடும்பப் படத்தையும் எடுத்து வாருங்கள். ஓரத்தில் முகம் கரைந்து நிற்பது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் பெயரை எழுதி வையுங்கள். எங்கள் படத்தில் நான் எழுதிவிட்டேன்.